ரம்பத்துக்கும் சுருதி உண்டு

ராஜபாளையத்திலிருந்து சோழபுரம் வரை எங்கு சென்றாலும் தென்னந்தோப்புகளையும் மாந்தோப்புகளையும் காண்பீர்கள். பட்டுப்போன தென்னையையோ முறிந்த மாங்கிளையையோ அறுக்கும்போது அங்கே ஒரு பேரிரைச்சல் எழும். அது சங்கிலி ரம்பத்தின் ஓசை. இருவர் எதிரெதிரே நின்று இழுக்கும் பெரிய ரம்பம் அரை நாளில் செய்யும் வேலையை இது சில நிமிடங்களில் முடித்துவிடும்.

இந்த ரம்பம் பழுதானால் அதை நம்பிப் பிழைப்பவருக்கு அன்றைய கூலி போயிற்று. சீர்கெட்ட ரம்பத்தோடு வேலைக்குப் போனாலோ கைகால்களுக்கே ஆபத்து. ஆகவே அவர் அதை வீட்டோடு சேர்ந்த ஒரு சிறு பட்டறைக்கு எடுத்துச் செல்கிறார். அங்கே ஒரு திருப்புளி, ஒரு பிளக் சாவி, ஓர் உருண்டை அரம் ஆகியவற்றுடன் மெக்கானிக் அமர்ந்திருக்கிறார். அவரிடம் உள்ள மிக நுட்பமான கருவி எது தெரியுமா? அவருடைய காதுதான்! அது எப்படி என்று பார்ப்போம்.

எண்ணெயும் பெட்ரோலும் சேர்ந்தே செல்வது ஏன்?

சங்கிலி ரம்பத்தில் இருப்பது பெரும்பாலும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். காரிலும் புதிய மோட்டார் சைக்கிளிலும் எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கி நிற்கும். ரம்பத்திலோ அப்படி வைக்க முடியாது. மரம் அறுப்பவர் அதைச் சாய்ப்பார், படுக்க வைப்பார், சில வேளை தலைகீழாகவும் பிடிப்பார். ஆகவே பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்துவிடுகிறார்கள். கலவை எஞ்சினுக்குள் நுழையும்போது எண்ணெய் பிஸ்டன் மீதும் பேரிங்குகள் மீதும் படிந்து உராய்வைக் குறைக்கிறது.

கலக்கும் அளவைத் தயாரிப்பாளர் குறிப்பிட்டிருப்பார். 50-க்கு 1 என்றால் 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் எண்ணெய். 25-க்கு 1 என்றால் 40 மில்லிலிட்டர். எண்ணெய் மிகுந்தால் புகையும் கரியும் மிகும். குறைந்தால் பிஸ்டன் சூடேறி விரிந்து உருளையோடு இறுகிவிடும். "எஞ்சின் பிடித்துக்கொண்டது" என்று பட்டறையில் சொல்வது இதைத்தான்.

சாய்ந்தாலும் நிற்காத கார்புரேட்டர்

ஒரு பாட்டிலில் பாதியளவு தண்ணீர் ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். பாட்டில் சாய்ந்தாலும் நீர்மட்டம் கிடையாகவே நிற்கும். பழைய மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரில் ஒரு மிதவை உண்டு. பெட்ரோல் மட்டம் உயர்ந்தால் மிதவை எழும்பி வழியை அடைக்கும். ஆனால் அதைக் கவிழ்த்தால் எல்லாம் குழம்பிவிடும்.

ரம்பத்தின் கார்புரேட்டரில் மிதவைக்குப் பதில் மெல்லிய சவ்வுகள் இருக்கின்றன. பிஸ்டன் மேலும் கீழும் செல்லும்போது எஞ்சினுக்குள் காற்றழுத்தம் மாறி மாறித் துடிக்கிறது. அந்தத் துடிப்பே ஒரு சவ்வை அசைத்துத் தொட்டியிலிருந்து பெட்ரோலை இழுக்கிறது. மற்றொரு சவ்வு தேவையான அளவை மட்டும் உள்ளே விடுகிறது. எந்தப் பக்கம் சாய்த்தாலும் இது வேலை செய்யும்.

நாளடைவில் இந்தச் சவ்வு விறைத்துப்போகும். இன்று நம் நாட்டுப் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் தன்மை உடையது. கலவையை மாதக்கணக்கில் தொட்டியிலேயே விட்டுவைத்தால் ரம்பம் கிளம்ப மறுப்பதில் வியப்பில்லை.

காதால் அளப்பது எப்படி?

கார்புரேட்டரில் வழக்கமாக மூன்று திருகுகள் இருக்கும். ஒன்று குறைந்த வேகத்துக்கான கலவையையும், மற்றொன்று முழு வேகத்துக்கான கலவையையும் சீராக்கும். மூன்றாவது, விசையை அழுத்தாதபோது எஞ்சின் எவ்வளவு மெதுவாக ஓட வேண்டும் என்பதை முடிவு செய்யும். திருகைத் தொடும் முன் மெக்கானிக் காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்கிறார். வடிகட்டி அடைத்திருக்கும்போது சுருதி சேர்த்தால், பிறகு அதைத் துடைத்தவுடன் எல்லாம் மாறிவிடும் அல்லவா?

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை எரிபொருள் வெடிக்கிறது. நிமிடத்துக்கு 2,800 சுற்று என்றால் வினாடிக்குச் சுமார் 47 வெடிப்புகள். 10,000 சுற்று என்றால் சுமார் 167. வெடிப்புகள் கூடக்கூட ஓசையின் சுருதி உயருகிறது. மெக்கானிக் கேட்பது வெறும் இரைச்சல் அல்ல. எஞ்சினின் வேகத்தையே அவர் கேட்கிறார்.

முழு வேகத் திருகை வலப்புறம் திருப்பினால் பெட்ரோல் குறையும். உடனே ஓசை கூர்மையாகும், வேகம் கூடும். "ஆஹா, நல்ல வலு வந்துவிட்டது!" என்று தோன்றும். இங்கேதான் ஏமாறக்கூடாது. பெட்ரோல் குறையும்போது அதனுடன் வரும் எண்ணெயும் குறைகிறது, சூடோ ஏறுகிறது. சிறிது நேரத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். தேர்ந்த கை திருகைச் சற்று இடப்புறம் திருப்பி வைக்கும். அப்போது சுமையின்றி முழு வேகத்தில் ஓடுகையில் ஓசையில் ஒரு சிறு தடுமாற்றம் கேட்கும். மரத்தில் வைத்ததும் அது தெளிந்துவிடும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் முனை இளம் பழுப்பு நிறமாக இருக்கும். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. கரி பிடித்து ஈரமாக இருந்தால் மிகுதி.

மெதுவாக ஓடும்போது சங்கிலி அசையவே கூடாது. இதற்கு உதவுவது மையவிலக்குக் கிளட்ச். கட்டைகளைச் சுருள்வில்கள் உட்புறம் இழுத்துப் பிடித்திருக்கும். வேகம் இரு மடங்கானால் கட்டைகளை வெளியே தள்ளும் விசை நான்கு மடங்காகும். அப்போது அவை விரிந்து வெளி உருளையைப் பற்றிச் சங்கிலியைச் சுழற்றும். மெதுவான ஓட்டத்திலும் சங்கிலி நகர்ந்தால் மூன்றாவது திருகைத் தளர்த்த வேண்டும். அப்படியும் நிற்காவிட்டால் கிளட்ச்சின் சுருள்வில்லைப் பார்க்க வேண்டும்.

புழு கற்றுத்தந்த பல்

எஞ்சின் சுகமாக ஓடியும் மரம் அறுபடவில்லையா? கீழே விழும் தூளைப் பாருங்கள். சீவல் சீவலாக விழுந்தால் பல் கூர்மையானது. மாவு போல விழுந்தால் மழுங்கிவிட்டது. தென்னை இதில் பொல்லாதது. அதன் தண்டில் நார்க்கற்றைகள் வெளிப்புறத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன. ஆகவே வெளிப்பகுதி மிகக் கடினமாகிப் பல்லை விரைவில் மழுக்கிவிடும்.

இன்றைய பல்லின் வடிவத்துக்கு ஒரு புழு காரணம் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்பவர் 1946-இல் ஒரு கட்டையைத் துளைக்கும் வண்டின் புழுவைக் கண்டார். அது தன் வளைந்த தாடைகளால் இடமும் வலமுமாக மரத்தைச் சீவியது. அதைப் பார்த்தே அவர் இடப்பல்லும் வலப்பல்லும் மாறி மாறி வரும் சங்கிலியை அமைத்தார்.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னே ஒரு சிறு மேடு உண்டு. அது பல்லைவிடச் சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும். பல் ஒரே கடியில் எவ்வளவு ஆழம் செல்லலாம் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. அரத்தை உள்ளிருந்து வெளியே ஒரே திசையில், எல்லாப் பற்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் தள்ள வேண்டும். ஒரு பக்கப் பற்கள் குட்டையானால் வெட்டு கோணலாகச் செல்லும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஏழு பல் சக்கரம் ஒரு சுற்றில் சங்கிலியை ஏறக்குறைய 11.5 சென்டிமீட்டர் நகர்த்துவதாகக் கொள்வோம். 10,000 சுற்றில் அது நிமிடத்துக்கு 1,150 மீட்டர். அதாவது மணிக்கு 69 கிலோமீட்டர்! வழிகாட்டித் தகட்டின் முனையின் மேற்பகுதி மரத்தில் இடித்தால், இந்த வேகம் முழுவதும் ரம்பத்தையே அறுப்பவரை நோக்கி உதைத்துத் தள்ளும். ஆகவே இந்த ரம்பத்தை நீங்கள் இயக்கக் கூடாது. பட்டறையில் பார்க்கச் சென்றாலும் தள்ளியே நில்லுங்கள். தேர்ந்த மெக்கானிக் பிளக்கின் கம்பியைக் கழற்றாமல் சங்கிலியைத் தொடமாட்டார். மூடிய அறையில் எஞ்சினை ஓட்டவும் மாட்டார். ஏனெனில் அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு இருக்கிறது.

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் காவிரி டெல்டாவில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தபோது, அடைபட்ட சாலைகளைத் திறக்க இந்த ரம்பங்களே உதவின. அதே ரம்பம் நம் ஊரின் மேற்கு மலைக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988-இல் அமைந்தது. 2021-இல் அப்பகுதி புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று. அங்கே வாழும் அந்தப் பெரிய அணில் தரையில் இறங்காமல், ஒன்றையொன்று தொடும் மரக்கிளைகளின் வழியே செல்கிறது. நடுவில் ஒரு மரம் போனால் அதன் பாதையே அறுந்துவிடும்.

ரம்பத்தின் சுருதியை மூன்று திருகுகளால் சேர்த்துவிடலாம். எந்த மரத்தை அறுப்பது, எதை விட்டுவைப்பது என்பதை எந்தத் திருகும் சொல்லாது. அதை அறிந்துகொள்ள வேண்டியது நாம்தான்.