உதட்டுக்குள்ள ஒரு பொட்டலம்

செமஸ்டர் நேரத்துல தூக்கத்தை விரட்ட டீ, காபி எல்லாம் பழைய கதை. இப்போ கீழுதட்டுக்குள்ள கூல் லிப். சேத்தியாத்தோப்புல இருந்து சிதம்பரம், விருத்தாசலம்னு பஸ் ஏறுற நம்ம பசங்களுக்கும் இது தெரியாத பேர் இல்ல. குட்கா வகையறாவுக்கு தமிழ்நாட்டுல 2013-லயே தடை வந்தாச்சு. ஆனா "இது என்ன கஞ்சாவா, வெறும் புகையிலை தானே" என்ற நினைப்பு மட்டும் போகல.

நிக்கோட்டினும் ஒரு ஊக்கி தான். மூளையில டோபமைனையும் உடம்புல அட்ரினலினையும் கிளப்பிவிடும். இதயம் வேகமா துடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும். அதைத்தான் நீங்க "ஃப்ரெஷ்"னு சொல்றீங்க. ரெண்டு மணி நேரத்துல ரத்தத்துல அதோட அளவு பாதியாகிடும். உடனே எரிச்சல், கவனச்சிதறல். அடுத்த பொட்டலம் படிப்புக்கு இல்ல, இந்த எரிச்சலை அடக்க. நாளாக ஆக மூளை தன்னோட நிக்கோட்டின் ஏற்பிகளை அதிகமாக்கிக்கும். பழைய அளவு பத்தாது.

ஹான்ஸ் மாதிரி புகையிலையில சுண்ணாம்பு எதுக்கு? முதல் வருஷ கெமிஸ்ட்ரி தான். காரத்தன்மை கூடினா நிக்கோட்டின் மின்னூட்டம் இல்லாத வடிவத்துக்கு மாறி, வாயின் உள்தோல் வழியா சட்டுனு ரத்தத்துல கலக்கும். (இதை யோசிச்சவன் நல்ல கெமிஸ்ட், சந்தேகமே இல்ல.)

புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் நிக்கோட்டின் இல்ல, புகையிலையில இருக்கிற நைட்ரோசமைன்கள். பொட்டலத்தை எப்பவும் ஒரே இடத்துல வைக்கிறதால அந்த இடம் தினமும் அதுலயே ஊறுது. முதல்ல வெள்ளைத் திட்டு வரும். வலிக்காது, அதனால யாரும் கவனிக்கிறதும் இல்ல. மெல்லும் புகையிலையை மட்டுமில்ல, புகையிலை சேராத பாக்கையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய்க் காரணிகள்ல முதல் பிரிவுல வச்சிருக்கு.

பாக்கு தனி ஆபத்து. அதுல இருக்கிற அரிக்கோலினும் ஊக்கி. கன்னத்தின் உள்ளே கொலாஜன் நார்கள் சேர்ந்து இறுகும். வாய் கொஞ்சம் கொஞ்சமா திறக்காமப் போகும். பாக்கை விட்டாலும் இறுகினது பழைய மாதிரி இளகாது.

இப்பவே மூணு விரலைச் சேர்த்து, ஒண்ணுக்கு மேல ஒண்ணா நிக்கிற மாதிரி முன்பற்களுக்கு நடுவுல வச்சுப் பாருங்க. நுழையலைன்னாலோ, காரம் பட்டா எரியுதுன்னாலோ, சிதம்பரத்துல அரசு பல் மருத்துவமனை இருக்கு. விடணும்னா 1800 11 2356, இலவச எண். முதல் ரெண்டு மூணு நாள் தான் ரொம்பக் கஷ்டம். அதனால எக்ஸாம் வாரத்துல ஆரம்பிக்காதீங்க, லீவுல ஆரம்பிங்க.