கடிக்காதுங்க, சும்மா வாங்க!

சென்னையை அடுத்த பாரிவாக்கத்தில் புதுசாக முளைத்திருக்கும் தனி வீடுகளில் ஏதாவது ஒன்றின் கேட்டைத் தட்டிப் பாருங்கள். முதலில் குரைப்பு வரும். பின்னாலேயே வீட்டுக்காரரின் குரல்: "கடிக்காதுங்க, சும்மா வாங்க!"

கூரியர் கொண்டுவரும் தம்பி அதை நம்புவதில்லை. கேஸ் சிலிண்டர் போடுகிறவரும் நம்புவதில்லை. வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. அவரை அது இதுவரை கடித்ததில்லை, அவ்வளவுதான். கேட்டுக்குப் பின்னால் நிற்கும் நாயின் உடம்போ வேறு கதை சொல்லிக்கொண்டிருக்கும். வாய் இறுக மூடியிருக்கும். முதுகு விறைத்திருக்கும். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரமாக ஓட்டும்போது வெள்ளை முழி பிறைபோலத் தெரியும். "இதற்கு மேல் ஒரு அடி வைக்காதே" என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல நாய்க்கு வழியில்லை.

இந்தப் பாஷையைச் சொல்லித்தரப் பாடத்திட்டம் இருக்கிறது. தேர்வும் சான்றிதழும்கூட இருக்கின்றன. பூந்தமல்லி - ஆவடி சாலையை விட்டு நகராமலே செல்போனில் படிக்கலாம். நாய்ப் பயிற்சியையும் நாயின் நடத்தையையும் தொலைதூரக் கல்வியாகப் படிப்பவர்கள் இன்று இந்தியாவின் பல நகரங்களில் இருக்கிறார்கள். ஐ.டி. வேலையை விட்டு வந்தவர்கள் உண்டு. வீட்டு நாயின் தொல்லை தாங்காமல் படிக்க ஆரம்பித்து, அதையே தொழிலாக்கிக் கொண்டவர்களும் உண்டு.

ஒரு தலைமுறைக்கு முன்பு நாய்ப் பயிற்சி என்றாலே காக்கிச் சட்டைதான். சென்னைக் காவல்துறை 1951-லேயே துப்பறியும் நாய்ப் படையை வைத்திருந்தது. மீரட்டில் ராணுவத்துக்கு ஒரு பயிற்சி மையம். மத்தியப் பிரதேசத்தின் தேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படைக்கு இன்னொன்று. நாயும் அதைக் கையாளுபவரும் மாதக்கணக்கில் அங்கேயே தங்கிப் படிப்பார்கள். அங்கே பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் சிலர் காலையில் ஸ்கூட்டரில் வந்து வீட்டு நாய்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். கையில் இழுத்தால் இறுகும் சங்கிலி, குரலில் அதிகாரம். "நீங்க தலைவர்னு அதுக்குக் காட்டணும் சார்" என்பது அவர்கள் தாரக மந்திரம்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த வழி ஜெர்மனியில் கொன்ராட் மோஸ்ட் என்ற காவல் அதிகாரி 1910-ல் எழுதிய கையேட்டின் காலத்திலிருந்து உலகெங்கும் ராணுவங்களிலும் காவல்துறைகளிலும் புழங்கியது. அதற்கு ஒரு விஞ்ஞான முலாமும் பிற்பாடு கிடைத்தது. ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் சுவிட்சர்லாந்தின் பாசல் உயிரியல் பூங்காவில் அடைபட்ட ஓநாய்களைக் கவனித்து, அவை தலைமைக்காக ஓயாமல் சண்டையிடுகின்றன என்று 1947-ல் எழுதினார். அமெரிக்காவின் டேவிட் மெக் 1970-ல் வெளியிட்ட ஓநாய் நூல் அந்தக் கருத்தைப் பரப்பியது. பிறகு மெக் கனடாவின் வடகோடியில் எல்லெஸ்மியர் தீவில் கோடைதோறும் காட்டு ஓநாய்களோடு கிடந்தார். அங்கே தலைமைச் சண்டையே இல்லை. கூட்டம் என்பது ஒரு அப்பா, ஒரு அம்மா, அவர்களின் பிள்ளைகள். தான் பரப்பிய கருத்தைத் தானே மறுத்து 1999-ல் கட்டுரை எழுதினார். அந்த மறுப்பு நம் தெருவுக்கு இன்னும் முழுசாக வந்து சேரவில்லை.

தொலைதூரப் படிப்பு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது: ஏற்கெனவே தெரிந்ததை மறப்பதில்.

என்னென்ன படிப்புகள் இருக்கின்றன? காசே செலவில்லாமல் எட்டிப் பார்க்க விரும்பினால், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரையன் ஹேர் நாய்களின் உணர்ச்சி, அறிவு பற்றி கோர்செரா தளத்தில் நடத்திய பாடம் நல்ல வாசல். பெங்களூரில் சிந்தூர் பங்கல் நடத்தும் 'பார்க்ஸ்' அமைப்பு, நாயின் நடத்தையியலில் இணையவழிப் பட்டயப் படிப்பு தருகிறது. ஜீன் டொனால்ட்சன் 1999-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நேரடிப் பள்ளியாகத் தொடங்கிய அகாடமி, இப்போது முழுக்கத் தொலைதூரக் கல்விக்கு மாறிவிட்டது. கேரன் பிரையர் அகாடமி பாதி இணையம், பாதி நேரடிப் பட்டறை என்று நடத்துகிறது. வெளிநாட்டுப் படிப்புகளின் கட்டணம் சில லட்சம் ரூபாயைத் தொடும். நேரலை வகுப்பு அமெரிக்காவில் மாலை என்றால் இங்கே பால்காரர் வரும் விடியற்காலை.

கேரன் பிரையர் நாயிலிருந்து தொடங்கியவர் அல்லர். 1960-களில் ஹவாய்த் தீவுகளின் சீ லைஃப் பார்க்கில் டால்பின்களைப் பழக்கியவர். டால்பினுக்குக் கழுத்துப்பட்டை மாட்ட முடியாது. அடிக்கவும் முடியாது, நீந்திப் போய்விடும். ஆகவே சரியாகச் செய்த நொடியில் ஒரு விசில், அடுத்து ஒரு மீன். இதே வழியை நாய்க்கும் மனிதர்களுக்கும் பொருத்தி அவர் 1984-ல் எழுதிய 'டோன்ட் ஷூட் தி டாக்' இன்றும் இந்தப் படிப்புகளில் அடிபடும் பெயர். நாய்க்கு விசிலுக்குப் பதில் 'டிக்' என்று ஒலிக்கும் சின்ன டப்பா, கிளிக்கர். மீனுக்குப் பதில் அவித்த கோழித் துண்டு. சென்னைத் தெருநாய்களுக்குப் பழக்கமான பொறையும் ஆகும். ஆனால் அதை மென்று முடிப்பதற்குள் அடுத்த பாடத்துக்கான நேரம் போய்விடும்.

அடுத்த பெயர் பாவ்லோவ். 1904-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆய்வுக்கு. சோறு வைக்கும் ஆளின் காலடிச் சத்தத்துக்கே நாய்களின் வாயில் எச்சில் ஊறியதை அவர் கவனித்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதை தீபாவளிக்கு என்ன செய்யும் என்பது பலருக்குத் தெரியாது.

முதல் சரவெடிக்கே கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு, விடியும்வரை நடுங்கும் நாயைப் பார்க்காத தெரு உண்டா? ஐப்பசியில் வரும் தீபாவளிக்கு ஆடியிலேயே வேலையைத் தொடங்கச் சொல்கிறது பாடம். செல்போனில் வெடிச்சத்தத்தின் பதிவை மிகக் குறைந்த ஒலியில் வைக்க வேண்டும். நாய் காதை லேசாகத் திருப்பினால் போதும். எழுந்து போனால் ஒலி அதிகம் என்று பொருள். சத்தம் கேட்ட பிறகு கோழித் துண்டு. சத்தம் நின்றால் கோழியும் நிற்கும். நாள்தோறும் சில நிமிஷம், வாரத்துக்கு ஒரு சின்ன படி ஒலி கூடலாம். வரிசை மாறினால் காரியம் கெடும். கோழி டப்பாவைத் திறந்துவிட்டுப் பிறகு சத்தத்தை வைத்தால், கொஞ்ச நாளில் டப்பாவைப் பார்த்தாலே நாய் ஓட ஆரம்பிக்கும். இப்படித் தலைகீழாகச் செய்துவிட்டு "எங்க நாய்க்கு இதெல்லாம் சரிப்படலைங்க" என்று கைவிட்டவர்கள் நிறைய.

அடித்தால் சீக்கிரம் படியாதா என்ற கேள்வி ஒவ்வொரு வகுப்பிலும் எழும். போர்ச்சுகலில் 92 வீட்டு நாய்களை வைத்து நடத்திய ஆய்வு 2020-ல் வெளிவந்தது. தண்டித்துப் பழக்கும் பள்ளிகளின் நாய்களிடம், தின்பண்டம் தந்து பழக்கும் பள்ளிகளின் நாய்களைவிட, வகுப்பு நேரத்தில் பதற்றக் குறிகள் அதிகம்; எச்சிலில் கார்ட்டிசால் என்னும் மனஅழுத்த ஹார்மோனின் அளவும் பயிற்சிக்குப் பின் கூடியிருந்தது. அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர்களின் சங்கம் 2021-ல் எல்லாவற்றுக்கும் பரிசு வழியையே பரிந்துரைத்தது.

இந்தப் படிப்புகளில் ஒரு குறை உண்டு. பாடத்தில் வரும் நாய் வேலி போட்ட தோட்டத்தில் வளரும் நாய். தெருவில் இறங்கினால் எதிரே வேறு நாய் வராது. பாரிவாக்கம் சிக்னலிலோ ஒரு பார்வைக்கே நான்கைந்து நாய்கள் கண்ணில் படும். வீட்டு லாப்ரடாரை நடக்க அழைத்துப் போகிறவருக்குப் பாதி வழியில் அவைதான் பிரச்சினை. படிக்கிறவருக்கோ அவைதான் பாடப்புத்தகம்.

டீக்கடை பெஞ்சில் இருபது நிமிஷம், கையில் நோட்டு. பல படிப்புகளில் முதல் வீட்டுப்பாடம் ஏறக்குறைய இதுதான். "நாய் கோபமாக இருந்தது" என்று எழுதக் கூடாது. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். எதிரிலிருந்து இன்னொரு நாய் வந்தது, இது முகத்தை ஒரு பக்கம் திருப்பியது, மூக்கை ஒருமுறை நக்கியது, தரையை மோந்தது, வளைந்த பாதையில் விலகிப் போனது. தரையில் முகர ஒன்றுமில்லை. "எனக்குச் சண்டை வேண்டாம்" என்பதற்கு நாய்கள் வைத்திருக்கும் மரியாதைச் சொற்கள் இவை. நார்வேயின் டூரிட் ருகாஸ் இவற்றை 'அமைதிக் குறிகள்' என்று தொகுத்தார். குட்டியைக் குழந்தை கட்டிப்பிடிக்கும் புகைப்படங்களில் இதே மூக்கு நக்கலும் முகத் திருப்பலும் இருக்கும். அதற்கு லைக் போடுகிறோம்.

கொல்கத்தாவில் உள்ள ஐசர் நிறுவனத்தின் அனிந்திதா பத்ரா தெருநாய்களையே ஆய்வுப் பொருளாக எடுத்தவர். அவர் குழு 2020-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முன்பின் தெரியாத ஆள் இரண்டு கிண்ணங்களில் ஒன்றைக் கையால் சுட்டிக் காட்டினார். ஏறக்குறைய பாதி நாய்கள் கிட்டவே வரவில்லை. வந்தவற்றில் சுமார் 80 சதவீதம், யாரும் பழக்காமலே, கை காட்டிய கிண்ணத்துக்குப் போயின. பெங்களூரில் சிந்தூர் பங்கலோ தெருநாய்கள் ஒரு நாளை எப்படிக் கழிக்கின்றன என்று கணக்கெடுத்தார். பெரும்பகுதி சும்மா கிடப்பதில் போகிறது. பூட்டிய ஃப்ளாட்டில் "சுறுசுறுப்பா இருக்கட்டும்" என்று பந்தை எறிந்துகொண்டே இருப்பவர்கள் யோசிக்க வேண்டிய சங்கதி.

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று நாம் விட்டுவிட்டோம். அது எந்தப் பக்கம் ஆடுகிறது என்று இத்தாலிக்காரர்கள் 30 நாய்களை வைத்து 2007-ல் அளந்தார்கள். எஜமானரைக் கண்டால் வலப்பக்கம் கூடுதலாக, அறியாத ஆக்ரோஷ நாயைக் கண்டால் இடப்பக்கம் கூடுதலாக ஆடியது. வால் ஆட்டினால் சந்தோஷம் என்ற நம்பிக்கையில் கையை நீட்டிக் கடி வாங்கியவர்களுக்கு இது ஆறுதல் தராது.

கடி விளையாட்டல்ல. 2024-ல் மட்டும் இந்தியாவில் 37 லட்சத்துக்கும் அதிகமான நாய்க்கடிகள் பதிவாயின. அதே ஆண்டு மே மாதம் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அதன் பின் நாய் உரிமம் பற்றி மாநகராட்சி கண்டிப்புக் காட்டியது. நாய் வைத்திருக்க உரிமம் கேட்கும் நாட்டில், நாயைப் பழக்கும் தொழிலுக்கு அரசு உரிமம் எதுவும் தேவையில்லை. விசிட்டிங் கார்டு அடித்தவரெல்லாம் ட்ரெயினர்தான். சாதுவான நாய் திடீரென்று உறுமினால், ஒழுங்கான பாடம் முதலில் கால்நடை மருத்துவரிடம் அனுப்பச் சொல்லும். காது வலியோ மூட்டு வலியோ இருக்கலாம்.

அப்படியானால் திரையில் படித்தே பயிற்றுநர் ஆகிவிடலாமா? அமெரிக்காவின் சி.சி.பி.டி.டி. அமைப்பு பயிற்றுநர்களுக்கு நடத்தும் தேர்வை எழுத, முந்தைய மூன்று ஆண்டுகளில் 300 மணி நேரம் நேரடியாகப் பயிற்சி தந்திருக்க வேண்டும். வாரம் இரண்டு மணி நேரம் என்று வைத்தால், மூன்று வருஷமும் அதற்கே சரியாகப் போகும். அந்த நேரத்தைப் பக்கத்து வீட்டு நாய்களிடமும், கிண்டி புளூ கிராஸ் போன்ற காப்பகங்களில் தொண்டராகவும்தான் தேட வேண்டும். பற்கள் கையருகே வரும்போது தோளை எப்படித் தளர்த்துவது, வாரை எந்த நொடியில் விடுவது என்பதை வைஃபை சொல்லித்தராது.

ஆனால் திரையால் மட்டுமே ஆகிற ஒரு காரியம் இருக்கிறது. மொட்டை மாடியில் தண்ணீர் கேன்மீது செல்போனைச் சாய்த்துவைத்து, மாணவர் தன் நாய்க்கு "உக்காரு" பழக்குவதைப் படமெடுத்து அனுப்புகிறார். நாய் டக்கென்று உட்காருகிறது. பத்துக்குப் பத்து. திருத்தம் நாயைப் பற்றி வரும் என்று எதிர்பார்ப்பார். வருவது அவரைப் பற்றி. படத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள் என்கிறார் ஆசிரியர்: ஒவ்வொரு முறையும், வாய் திறப்பதற்கு அரை நொடி முன்பே, வலது கை இடுப்பிலிருக்கும் தின்பண்டப் பைக்குப் போய்விடுகிறது. புடாபெஸ்டில் 2022-ல் 18 நாய்களுக்கு மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்து, பழகிய மொழியையும் பழகாத மொழியையும் அவற்றின் மூளை பிரித்தறிகிறது என்று கண்டார்கள். அவ்வளவு காது இருந்தும் நாய் முதலில் நம்புவது கண்ணைத்தான்.

மறுநாள் அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு "உக்காரு" என்கிறார். நாய் அவர் இடுப்பைப் பார்க்கிறது, முகத்தைப் பார்க்கிறது, வாலை ஒருமுறை ஆட்டுகிறது. உட்காரவில்லை.