பூச்சிக்காளையும் அதன் மகள்களும்

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூட்டம் திரண்ட பிறகு, நாட்டு மாடுகள் மீது தமிழ்நாட்டில் புதிதாக ஒரு பற்று பிறந்தது. அதுவரை மூக்கணாங்கயிற்றைத் தொட்டறியாதவர்கள்கூட நிலம் பிடித்து, கொட்டகை போட்டு, காங்கயம் மாடு வாங்கத் தொடங்கினார்கள். அந்தப் பற்றை மதிக்கிறேன். டிராக்டரும் மின்மோட்டாரும் வந்து ஏரிலிருந்தும் கவலை ஏற்றத்திலிருந்தும் அவிழ்த்துவிடப்பட்ட இந்த இனம் பிழைக்க, புது ஆட்கள் வரத்தான் வேண்டும். வருகிறவர்கள் நிலைத்து நிற்க வேண்டும் என்பதே என் கவலை. மாட்டைப் பற்றி அறியாததால் மட்டும் அவர்கள் இடறுவதில்லை. இனவிருத்தி என்ற தொழில் எதை விற்கிறது என்று தெரியாமல் நுழைவதாலும் இடறுகிறார்கள்.

முதல் இடறல் நிறத்தில். காங்கயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஏறக்குறைய ஆறு மாதத்தில் அது சாம்பலாக வெளுக்கும். காளைக்கன்று வளர வளர திமிலும் கழுத்தும் தொடையும் கறுக்கும். காயடித்தால் அந்தக் கருமை மங்கிவிடும். ஆக, நிறம் என்பது வயதையும் ஆண்மையையும் காட்டுவதே தவிர, பரம்பரைக்குச் சான்று அல்ல. வேற்றினக் கலப்பில் பிறந்த பசுவை மறுபடி மறுபடி காங்கயம் காளைக்கே சேர்த்தால், இரண்டு மூன்று தலைமுறையில் பார்வைக்குத் தூய காங்கயமாகவே ஒரு கன்று நிற்கும். சந்தையில் அதைக் கண்ணால் பிரித்தறிவது அனுபவசாலிக்கே கடினம்.

காதில் தொங்கும் மஞ்சள் வில்லையைப் பார்த்து ஏமாறுபவர்களும் உண்டு. அதிலுள்ள 12 இலக்க எண் அந்த மாட்டின் அடையாள எண். தடுப்பூசியும் சினை ஊசியும் அந்த எண்ணில் பதிவாகும். மாடு தூய இனம் என்று அது சான்று சொல்வதில்லை. உடம்பிலுள்ள மயிர்ச் சுழியும் அப்படித்தான். சுழிக்கும் பாலுக்கும் தொடர்பில்லை, சுழிக்கும் குலத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் ஆகாத சுழி என்று பெயர் வாங்கிய மாட்டுக்குச் சந்தையில் விலை இறங்கும் என்பதால், விற்கப் போகிறவர் அதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? தாயைப் பார்க்க வேண்டும். தாயோடு பிறந்த பசுக்களைப் பார்க்க வேண்டும். பொலிகாளையை, கொங்குப் பக்கத்தில் சொல்வதுபோல் பூச்சிக்காளையை, விலை பேசும்போது அதன் மகள்களைப் பார்க்கக் கேட்க வேண்டும். காளையின் திமிலும் நடையும் அதன் உடம்பைச் சொல்லும். அது தன் பிள்ளைகளுக்கு எதைக் கொடுக்கிறது என்பதை மகள்கள்தான் சொல்வார்கள்: தவறாமல் சினை பிடிக்கிறார்களா, கன்றை ஊட்டி வளர்க்கிறார்களா, மடி எப்படி, குணம் எப்படி. காங்கயம் மாடு வளர்த்த பழையகோட்டைப் பட்டக்காரர் மந்தையின் பெயர் தலைமுறைகளைத் தாண்டி நின்றதற்குக் காரணம், ஒரே குடும்பம் விடாமல் தேர்ந்தெடுத்து வளர்த்தது. தூய இனம் விற்பவர் விற்பது அந்தத் தேர்வின் நினைவைத்தான். எழுதி வைக்கப்படாத நினைவுக்கு விலை கொடுக்காதீர்கள்.

இங்கேதான் காலக் கணக்கு வருகிறது. புதியவர்கள் போடும் திட்டத்தில் பெரும்பாலும் இது இருப்பதில்லை. இன்று காளை சேர்ந்தால் கன்று பிறக்க ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகும். பிறந்த கிடாரி தலையீத்து ஈனக் கிட்டத்தட்ட மூன்றரை வருடம். நீங்கள் தேர்ந்த காளை நல்லதா என்று தெரியவே நான்கு வருடத்துக்கு மேல் போகும். அதுவரை சோளத்தட்டுக்கும் தவிட்டுக்கும் ஆள்கூலிக்கும் கையிலிருந்து பணம் போக வேண்டும். பிறப்பதில் பாதி காளைக்கன்று. அதில் பொலிகாளையாகத் தகுந்தது வெகு சில.

அதற்குள் இன்னொரு சிக்கல் சத்தமில்லாமல் வளரும். மந்தையில் ஒரே காளை நின்றால், மூன்று வருடத்தில் அதன் மகள்களே பருவத்துக்கு வந்துவிடுவார்கள். தகப்பனும் மகளும் சேர்ந்து பிறக்கும் கன்றின் உள்ளினச் சேர்க்கை அளவு 25 சதவீதம். தகப்பன் ஒன்று, தாய் வேறு என்ற உடன்பிறப்புகள் சேர்ந்தால் 12.5. விளைவு உடனே தெரியாது. சினை தங்காது, கன்று நோஞ்சானாகப் பிறக்கும், சாகும். காரணம் தீவனம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். சினை ஊசிக்கு மாறினால் தப்பிக்கலாம் என்று சொல்லவும் முடியாது. மைனஸ் 196 டிகிரி குளிரில் காக்கப்படும் உறைவிந்து ஒரு காளையிடமிருந்தே ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான குச்சிகளாகக் கிடைக்கும். காளையின் எண்ணைக் குறித்து வைக்காவிட்டால், அண்ணனையும் தங்கையையும் நீங்களே சேர்த்து வைப்பீர்கள்.

இனி, யாருக்கு விற்பது என்ற கேள்வி. காங்கயம் உழைப்புக்காக உருவான இனம். நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் பால், அதிலும் கன்றுக்குப் பங்கு. கன்று முட்டாமல் பல பசுக்கள் பால் சுரப்பதே இல்லை. நாட்டு மாடுகளில் பெரும்பாலானவை ஏ2 வகைப் புரதமுள்ள பாலைத் தருவது உண்மை. ஆனால் அந்தப் பால் நோய் தீர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. எவ்வளவு விலை வைத்தாலும் இரண்டு லிட்டரில் ஒரு பண்ணையின் செலவு அடங்காது. ஆகவே மாட்டை விற்றாக வேண்டும். வாங்க வருகிறவர் ரேக்ளா வண்டிப் பந்தயக்காரரா, பால் வேண்டியவரா, அல்லது உங்களைப் போலவே இனம் பெருக்கி விற்க நினைப்பவரா? மூன்றாமவர் மட்டுமே வருகிறார் என்றால் பதற வேண்டும். கொங்கு நாட்டுக்கு இது புதிதில்லை. பெருந்துறையைச் சுற்றி ஈமு கோழிப் பண்ணைகள் 2012-இல் சரிந்தபோது, கறிக்கும் எண்ணெய்க்கும் உண்மையான சந்தை இருக்கவில்லை. குஞ்சு வாங்கி வளர்க்கப் புதிதாகப் பணம் போட்டவர்களை நம்பியே அந்த விலை நின்றது.

மேய்ச்சல் இல்லாமல் இந்த மாட்டை நினைத்துப் பார்ப்பதே தவறு என்பேன். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் உள்ள கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலத்தில் நடந்து மேய்ந்த உடம்பு அது. கட்டுத்தரையிலேயே நிறுத்திப் புண்ணாக்கைக் கொட்டினால் கொழுப்புத்தான் சேரும், பருவம் தவறும்.

நோயில் நான் முதலில் சொல்வது கன்று வீச்சு நோய். சந்தையிலிருந்து வாங்கிய ஒரே சினைப்பசு இதை மந்தை முழுவதற்கும் கொண்டுவரும். சினை முற்றும் மாதங்களில் கன்று விழும். மனிதருக்கும் தொற்றி விட்டுவிட்டு வரும் காய்ச்சலையும் மூட்டு வலியையும் தரும். விழுந்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடவே கூடாது. வாங்குமுன் இரத்தப் பரிசோதனை, வாங்கிய பின் ஒரு மாதம் தனிக் கொட்டகை, நான்கு முதல் எட்டு மாதக் கிடாரிக் கன்றுகளுக்குத் தடுப்பூசி. இதில் சிக்கனம் பார்க்கிற இடமே இல்லை. இரட்டைக் கன்றில் காளையோடு பிறந்த கிடாரி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அது பெரும்பாலும் மலடாகவே இருக்கும்.

தொடங்குகிறவர் பத்துக் கிடாரியும் ஒரு பெருங்காளையும் ஒன்றாக வாங்க வேண்டியதில்லை. இரண்டாம் ஈத்தில் கன்றோடு நிற்கும் பசு இரண்டு போதும். சினை பிடிக்கும், ஈனும், பால் கொடுக்கும் என்பதற்கு அந்தக் கன்றே சாட்சி. காளைக்குப் பக்கத்து ஊரிலோ கால்நடை மருந்தகத்திலோ போகலாம். முதல் கிடாரி பருவத்துக்கு வரும் நாளில், அதன் தகப்பன் யார் என்று உங்கள் நோட்டைத் திறந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு சொந்தக் காளையைத் தேடுங்கள்.