தோலுக்கு அடியில் ஒரு பலூன்

நடை பழகும் குழந்தை அடுப்பிலிருந்து இறக்கிவைத்த குழம்பைத் தலையில் கவிழ்த்துக்கொள்கிறது. உயிர் தப்புகிறது, புண்ணும் ஆறுகிறது. ஆனால் காதுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வழவழப்பான தழும்பு தங்கிவிடுகிறது. அங்கே இனி முடி முளைக்காது. பள்ளிக்கூடம் போகும் வயதில் அந்தத் தழும்பே பிள்ளைக்குப் பட்டப்பெயராகிவிடுகிறது.

தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினால் என்ன? புண் மூடும், ஆனால் அந்தத் தோலில் தலைமுடி வராது. தலைமுடி தரும் தோல் தலையில் மட்டும்தான் இருக்கிறது. பக்கத்தில் உள்ளதை இழுத்துத் தைக்கலாம் என்றால் அது இழுவைக்கு வராது. உங்கள் கன்னத்தைக் கிள்ளிப் பாருங்கள், பிறகு உச்சந்தலையைக் கிள்ளிப் பாருங்கள். தலைத்தோலுக்கு அடியில் கேலியா என்னும் கெட்டியான சவ்வு ஒட்டியிருக்கிறது. அதுதான் விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொள்கிறது.

இருக்கிற தோலையே வளரவைத்தால்? 1957-ல் நியூமன் என்ற அமெரிக்க மருத்துவர், காதின் பெரும்பகுதியை இழந்த ஒருவருக்குத் தோலடியில் ரப்பர் பலூன் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊதி, புதுக் காதுக்கு வேண்டிய தோலைச் சேர்த்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1976-ல் செடோமிர் ரடோவன் சிலிக்கோன் பலூனோடு அதே வழியை மீண்டும் கொண்டுவந்தார். அதன் பிறகுதான் அது மருத்துவமனைகளில் பரவியது.

முதல் அறுவையில் தழும்பை ஒட்டிய நல்ல தலைத்தோலுக்கு அடியில், கேலியாவுக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே, காலிப் பலூனை நுழைத்துத் தைத்துவிடுவார்கள். அதோடு மெல்லிய குழாயால் இணைந்த பொத்தான் போன்ற வாய் ஒன்றும் தோலுக்குள்ளேயே இருக்கும். தையல் ஆறியதும் வாரம் ஒருமுறை மருத்துவர் விரல் நுனியால் அந்தப் பொத்தானைத் தடவிக் கண்டுபிடித்து, மெல்லிய ஊசியால் உப்புநீரை மெதுவாக ஏற்றுவார். கண் ஊசியில் மட்டும் இருக்காது, தோலின் நிறத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும். தோல் வெளுத்தாலோ, "வலிக்குது" என்று பிள்ளை சொன்னாலோ அன்றைக்கு அவ்வளவுதான். வெளுப்பு என்றால் ரத்தம் போகவில்லை என்று பொருள்.

முதலில் தோல் வெறுமனே நீள்கிறது. இழுவை விடாமல் இருந்தால் செல்கள் பிரிந்து பெருகுகின்றன, பலூனைச் சுற்றிப் புதிய ரத்தக் குழாய்கள் படர்கின்றன. கர்ப்பிணியின் வயிற்றுத் தோலும் இப்படித்தான் மாதக்கணக்கில் இடம் கொடுக்கிறது. மயிர்க்கால்கள் மட்டும் பெருகுவதில்லை. உள்ளவையே சற்று விலகி நிற்கின்றன. அப்படியும் தோலின் பரப்பு இரண்டு மடங்கு ஆகும்வரை முடி கலைந்து தெரிவதில்லை. தலையில் ஏறக்குறைய பாதி முடியை இழந்தவருக்கும் இந்த வழி உதவுவது அதனால்தான்.

எவ்வளவு தோல் சேர்ந்தது என்று நாடாவை வைத்தே அளந்துவிடலாம். அடிப்பாகம் 8 செ.மீ. அகலமுள்ள வீக்கம் அரைவட்டமாக எழுந்தால், அதன் மேல் வளைவு சுமார் 12.5 செ.மீ. வரும். மிச்சம் 4.5 செ.மீ. தழும்பை மூடக் கிடைக்கிற தோல் அதுதான். பலூனை எடுத்ததும் தோல் கொஞ்சம் சுருங்கும், ஆகவே தேவைக்கு மேலேயே வளர்த்துக்கொள்வார்கள்.

கஷ்டமான காலம் பலூன் நிரம்பும் இந்த இரண்டு மூன்று மாதங்கள்தான். தலையில் இன்னொரு தலை முளைத்தாற்போல வீக்கம் நிற்கும். தொப்பி போட்டாலும் மறையாது, ஒருக்களித்துப் படுக்கவும் முடியாது. கிருமி தொற்றலாம், தோல் மெலிந்து பலூன் வெளியே எட்டிப் பார்க்கலாம். அப்படி ஆனால் பலூனை எடுத்துவிட்டு, சில மாதம் கழித்து முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான். சின்னப் பிள்ளைகளுக்கு மண்டையோட்டில் லேசாகப் பள்ளம் விழுவதும் உண்டு. பலூன் போனபின் அது தானாகத் தூர்ந்துவிடும் என்பதைப் பெற்றோரிடம் முன்னமே சொல்லிவிடவேண்டும். சொல்லாமல் விட்டால் பிள்ளையின் தலையைத் தடவிப் பார்க்கும் தாய் பதறிப்போவாள்.

இரண்டாவது அறுவையில் பலூனை எடுத்து, தழும்பை வெட்டி நீக்கி, வளர்ந்த தோலை அந்த இடத்துக்கு நகர்த்தித் தைக்கிறார்கள். தலைத்தோலில் ரத்த ஓட்டம் தாராளம், எனவே சீக்கிரம் ஆறும். முடி எந்தப் பக்கம் சாய்ந்து வளரும் என்பதையும் பார்த்தே தோலைத் திருப்பிவைப்பார்கள். சில மாதத்தில் முடி மூடிக்கொண்டபின், சீப்பால் வகிடு பிரித்துத் தேடினால் மட்டும் நூல்போல ஒரு கோடு தெரியும்.