லேசர் அச்சுப்பொறியின் பிணி அறிதல்

பெங்களூரில் அல்சூரை அடுத்துள்ள மர்பி டவுன், தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்ந்துவரும் பழைய குடியிருப்புப் பகுதியாகும். இத்தகைய பகுதிகளில் தெருமுனை ஜெராக்ஸ் கடையிலும் பள்ளிக் காரியாலயத்திலும் இன்று லேசர் அச்சுப்பொறி இன்றியமையாத சாதனமாகிவிட்டது. விண்ணப்பத்தின் கடைசி நாளிலோ, வினாத்தாள் அச்சிடவேண்டிய காலையிலோ அது பழுதுற்றால், பொறியைப் புதிதாகக் கையாள்பவர் முதலில் செய்வது டோனர் கார்ட்ரிட்ஜை மாற்றுவதே. பல சமயங்களில் இது வீண் செலவாகும். பழுது எங்குள்ளது என்பதைக் கெட்டுப்போன தாளே பெரும்பாலும் காட்டிவிடும்.

பொறி இயங்கும் விதம்

சீப்பைத் தலைமயிரில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை ஈர்க்கச் செய்வது பள்ளி மாணவர் அறிந்த பரிசோதனை. அதே நிலைமின்சாரமே இங்கும் வேலை செய்கிறது. 1938-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள், அமெரிக்காவின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன் என்பார் இம்முறையில் முதல் படியை எடுத்தார். அம்முறையுடன் லேசர் ஒளியை இணைத்தவர் கேரி ஸ்டார்க்வெதர். ஜெராக்ஸ் நிறுவனம் 1977-இல் இவ்வகைப் பொறியை விற்பனைக்குக் கொணர்ந்தது.

இன்றைய சாதாரணப் பொறிகளில் டிரம் எனப்படும் உருளை முதலில் மின்னேற்றம் பெறுகிறது. லேசர் ஒளி பட்ட இடங்களில் அம்மின்னேற்றம் குறைகிறது. அவ்விடங்களில் டோனர் தூள் ஒட்டுகிறது. பின்னர் அத்தூள் எதிர் மின்னேற்றத்தால் காகிதத்திற்கு இழுக்கப்படுகிறது. இறுதியில் ஏறத்தாழ 200 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணமுள்ள உருளையின் அழுத்தத்தில் தூள் உருகிப் படிகிறது.

குறிகளும் காரணங்களும்

புதுக் கார்ட்ரிட்ஜ் போட்டபின் தாள் வெறுமையாக வந்தால், அதன் முத்திரை நாடா அகற்றப்பட்டதா என்று முதலில் பார்க்கவேண்டும். தாள் முழுவதும் கறுத்தால், டிரம் மின்னேற்றம் பெறவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். எழுத்து மங்கினால், கார்ட்ரிட்ஜைக் கிடைமட்டமாகப் பிடித்து ஐந்தாறு முறை மெல்ல அசைத்துப் போட்டால், எஞ்சிய தூள் பரவி இன்னும் சில தாள்களுக்கு உதவும். விரலால் தேய்த்தால் எழுத்து உதிருமாயின், உஷ்ண உருளையோ, ஈரமான அல்லது மிகத் தடித்த காகிதமோ காரணமாகும்.

ஒரே புள்ளி சம இடைவெளியில் மீண்டும் மீண்டும் தோன்றினால் அடிக்கோல் எடுத்து அளக்கவேண்டும். 24 மி.மீ. விட்டமுள்ள டிரம்மின் சுற்றளவு சுமார் 75 மி.மீ.; 30 மி.மீ. விட்டமாயின் சுமார் 94 மி.மீ. ஆகும். எந்த உருளையின் சுற்றளவுடன் அவ்விடைவெளி ஒத்திருக்கிறதோ, அவ்வுருளையிலேயே வடு இருக்கிறது.

மழைக்காலத்தில் காகிதம் சிக்குவது மிகுதி. காகிதம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதே அதற்குக் காரணம். கட்டைப் பிரித்தபின் எஞ்சிய தாள்களை உறையிலேயே மூடி வைக்கவேண்டும். தட்டில் வைக்குமுன் விசிறிப் பிரித்துக்கொள்ளவேண்டும். தாளை இழுக்கும் ரப்பர் உருளை வழுக்கினால், சிறிதே ஈரமான, நூல் உதிராத துணியால் துடைத்தல் போதும். சிக்கிய தாளை அது செல்லும் திசையிலேயே, இரு கைகளாலும் மெதுவாக இழுத்தல் நலம். கிழிந்த துண்டு உள்ளே தங்கினால் அடுத்த தாளும் சிக்கும்.

எச்சரிக்கை

உள்ளே கை வைக்குமுன் மின்சாரத்தை நிறுத்திப் பொறியை ஆறவிடவேண்டும். டிரம்மை விரலால் தொடலாகாது. வெளிச்சத்தில் நெடுநேரம் வைக்கலாகாது. தூள் கையில் பட்டால் குளிர்ந்த நீரால் கழுவுக. வெந்நீர் அதை இளக்கி ஒட்டச் செய்யும். சிந்திய தூளை ஊதாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். பழைய கார்ட்ரிட்ஜைத் தீயிலிடுதல் அபாயம்.

இவையனைத்தும் பயனற்றபோதே நிபுணரை அழைத்தல் முறை. அப்போதும் கெட்ட தாளை எறிந்துவிடாமல் அவரிடம் காட்டினால் அவர் வேலை பாதியாகும். கெட்ட தாள் ஒன்றையும் அடிக்கோலையும் மாணவர் கையில் கொடுத்துப் பழுதைக் கண்டுபிடிக்கச் செய்யும் ஆசிரியர், நிலைமின்சாரப் பாடத்தையும் வட்டத்தின் சுற்றளவுக் கணக்கையும் ஒருங்கே கற்பித்தவராவார்.