சிங்கப்பூர் – நியூயார்க் இடைநில்லா விமானப் பயணம்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையிலான வான்வழித் தொலைவு ஏறத்தாழ 15,349 கிலோமீட்டர் ஆகும். இடையில் எங்கும் இறங்காமல் இத்தொலைவைக் கடக்க 18 மணி 40 நிமிடங்கள் முதல் 19 மணி நேரம் வரை ஆகிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனம் 2020 நவம்பரில் தொடங்கியபோது, இதுவே உலகின் மிக நீண்ட இடைநில்லாப் பயணிகள் விமானச் சேவையாக இருந்தது.

தொலைவு

இவ்விரு நகரங்களின் தீர்க்கரேகைகளுக்கு இடையிலான வேறுபாடு ஏறத்தாழ 178 பாகை. அதாவது, இரண்டும் பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ளன. எனவே இவற்றை இணைக்கும் மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டிச் செல்கிறது. தட்டையான உலக வரைபடத்தில் இது புலப்படாது. சிங்கப்பூரிலிருந்து துருவம் 88.6 பாகையும், துருவத்திலிருந்து நியூயார்க் 49.4 பாகையும் தள்ளி உள்ளன. மொத்தம் 138 பாகை. பூமியின் மேற்பரப்பில் ஒரு பாகை ஏறத்தாழ 111.2 கிலோமீட்டர் என்பதால், பெருக்கினால் ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர் கிடைக்கிறது.

பயண நேரம்

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் கணக்கிட்டால் 17 மணி நேரமே ஆக வேண்டும். ஆனால் ஓடுபாதைக்குச் செல்லுதல், மேலெழுதல், இறங்குதல் ஆகியவற்றுக்கும் நேரம் தேவை. மேலும், விமானங்கள் எப்போதும் மிகக் குறுகிய வழியில் செல்வதில்லை. மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டத்தைப் பயன்படுத்த, நியூயார்க் செல்லும் விமானம் பெரும்பாலும் பசிபிக் பெருங்கடல் வழியாகவும், திரும்பும் விமானம் பெரும்பாலும் அட்லாண்டிக் வழியாகவும் பறக்கின்றன. தொலைவு கூடினாலும் பின்காற்றால் நேரமும் எரிபொருளும் மிச்சமாகின்றன.

விமானமும் எரிபொருளும்

நியூயார்க்கை அடுத்துள்ள நூவர்க் விமான நிலையத்துக்கு 2004-இல் நான்கு எஞ்சின்கள் கொண்ட ஏர்பஸ் ஏ340-500 விமானம் இயக்கப்பட்டது. அது அதிக எரிபொருளை உட்கொண்டதால் செலவு கட்டுப்படியாகாமல் 2013-இல் அச்சேவை நிறுத்தப்பட்டது. இரண்டு எஞ்சின்கள் கொண்ட ஏ350-900 யுஎல்ஆர் விமானம் வந்த பின், 2018-இல் மீண்டும் தொடங்கியது. இவ்விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருளைச் சுமக்கும். எரிபொருளின் எடையைத் தாங்கவே கூடுதல் எரிபொருள் தேவைப்படுவதால் பயணிகளின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. இருக்கைகள் 161 மட்டுமே. சாதாரண வகுப்பு இல்லை.

உள்ளூர் நேரம்

சிங்கப்பூர் நேரம் நியூயார்க்கைவிடக் குளிர்காலத்தில் 13 மணியும், கோடைக்காலத்தில் 12 மணியும் முந்தியது. பயணச்சீட்டில் குறிக்கப்படுவது அந்தந்த ஊரின் நேரமே. குளிர்காலத்தில் திங்கட்கிழமை அதிகாலை 1 மணிக்குச் சிங்கப்பூரில் புறப்படுபவர், 18 மணி 40 நிமிடங்கள் பறந்து, அதே திங்கட்கிழமை காலை 6.40 மணிக்கு நியூயார்க்கை அடைவார். திங்கட்கிழமை காலை 10 மணிக்கு நியூயார்க்கில் புறப்படுபவர் 19 மணி நேரம் பறந்தால், சிங்கப்பூரில் செவ்வாய்க்கிழமை மாலை 6 மணியாகியிருக்கும். இதைக் கவனிக்காமல் விடுதி அறையையோ இணைப்பு விமானத்தையோ பதிவு செய்தால் ஒரு நாள் தவறிவிடக்கூடும்.