பாட்டு அன்னமய்யாவுடையது, மெட்டு?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு முதல் ஷிப்ட் போகிறவர்கள் டீக்கடையில் நிற்கும் நேரத்தில் பெரும்பாலும் எம்.எஸ். பாடிக்கொண்டிருப்பார். சுப்ரபாதம் முடிந்தால் அன்னமய்யா பாட்டு ஒன்றிரண்டு வரும். ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் இங்கே பல வீடுகளில் பேச்சே தெலுங்குதான். அர்த்தம் சொல்ல ஆள் தேட வேண்டாம். ‘இதெல்லாம் ஐந்நூறு வருஷத்துப் பாட்டு’ என்று யாராவது ஒருவர் சொல்லுவார். பாதி சரி. மீதிப் பாதியை, டீ ஆறுவதற்குள் நாம் கொஞ்சம் பார்க்கலாம்.

முதலில் இசைத்தட்டு. 1979-ல் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு 63 வயது. சங்கீத கலாநிதி பட்டம் வாங்கியே பதினோரு வருடம் ஆகியிருந்தது. ஆனால் குடும்பத்தில் பண நெருக்கடி. சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்கிற குடும்பமில்லை. அப்போது திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாக அதிகாரியாக இருந்த பி.வி.ஆர்.கே. பிரசாத், உதவியை ஒரு வேலையாகவே கொண்டுவந்தார்: அன்னமய்யா என்கிற அன்னமாச்சாரியாரின் பாடல்களையும் சில ஸ்தோத்திரங்களையும் பாடித் தர வேண்டும். அப்படி வந்ததுதான் ‘பாலாஜி பஞ்சரத்னமாலா’, ஐந்து எல்.பி. தட்டுகள். கைவசம் இருந்த உருப்படிகளே ஆயுளுக்கும் போதும் என்ற நிலையில் இருந்தவர், அந்த வயதில் புதிய உருப்படிகளை உட்கார்ந்து பாடம் பண்ணினார்.

பழைய பாட்டை எதற்குப் புதிதாகப் பாடம் பண்ண வேண்டும்? எல்லோரும் தவறாக நினைக்கிற இடம் இதுதான். அன்னமாச்சாரியார் போட்ட மெட்டு திருமலையில் காலங்காலமாகப் பாடப்பட்டு வந்தது, எம்.எஸ். அதை எடுத்துப் பாடினார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

நடந்தது வேறு. கடப்பை பக்கம் தாள்ளபாக்கத்தில் பிறந்த அன்னமாச்சாரியாரின் காலம் 1408 முதல் 1503 வரை. பாடியது 32,000 என்பார்கள். கிடைத்திருப்பது சுமார் 12,000. மகன், பேரன் காலத்தில் இவற்றைச் செப்பேடுகளில் வெட்டி, கோயிலுக்குள் ஓர் அறையில் வைத்தார்கள். பிறகு அவை மெல்ல மறந்துபோயின. 1920-களில்தான் சாது சுப்பிரமணிய சாஸ்திரி போன்றவர்கள் அந்த 2,000-க்கும் மேற்பட்ட செப்பேடுகளைப் படித்துப் பார்த்து வெளியே கொண்டுவந்தார்கள். இடையில் வாயிலிருந்து காதுக்குப் போகிற பாட்டுச் சங்கிலி அறுந்துவிட்டது.

சரி, செப்பேட்டில் என்ன இருக்கிறது? பல்லவி, சரணம், மேலே ராகத்தின் பெயர். அவ்வளவுதான். ஸ்வரம், அதாவது எந்த எழுத்தை எந்தச் சுருதியில் நிறுத்துவது என்கிற குறிப்பு, கிடையாது. தாளமும் இல்லை. பாட்டியின் சமையல் நோட்டில் ‘வத்தக்குழம்பு’ என்று தலைப்பு போட்டு, சாமான்களை மட்டும் எழுதி, அளவும் பக்குவமும் எழுதாமல் விட்டதைப் போல. வத்தக்குழம்புதான் என்று தெரியும். பாட்டி கைப்பக்குவம் தெரியாது. போதாக்குறைக்கு, செப்பேட்டிலுள்ள ராகப் பெயர்களில் சில இன்று புழக்கத்திலேயே இல்லை.

இதை நம் மாவட்டத்துத் திருத்தணியோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். முத்துசாமி தீட்சிதர் தன் முதல் கிருதியைப் பாடியது திருத்தணியில் என்பது மரபு. அவர் அன்னமய்யாவுக்கு சுமார் முந்நூறு வருடம் பிந்தியவர். சிஷ்ய பரம்பரை அறுபடவில்லை. 1904-ல் சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்திலிருந்து அவர் கிருதிகளை ஸ்வரக் குறிப்போடு பெரிய புத்தகமாகவே அச்சிட்டுவிட்டார். அதனால் திருத்தணிப் பாட்டின் மெட்டை ஓரளவு நம்பி ‘தீட்சிதர் மெட்டு’ எனலாம். திருமலைப் பாட்டுக்கு அந்த வசதி இல்லை.

அப்படியானால் டீக்கடையில் நாம் கேட்கிற மெட்டு? இருபதாம் நூற்றாண்டு மெட்டு. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களுக்கு ஸ்வரப்படுத்தி வழி போட்டார். நெடுநூரி கிருஷ்ணமூர்த்தி பல பாடல்களுக்கு மெட்டமைத்தார். ‘நானாட்டி பதுகு’ ரேவதியில் உருக்குகிறதே, அது அவர் கை. ரேவதி கச்சேரி மேடையில் பரவியதே போன நூற்றாண்டில்தான். யமுனா கல்யாணியில் வரும் ‘பாவயாமி கோபாலபாலம்’ கடையநல்லூர் வெங்கட்ராமன் போட்டது. ராஜாஜியின் ‘குறை ஒன்றும் இல்லை’க்கு ராகமாலிகை அமைத்த அதே கடையநல்லூர்தான்.

வெளிநாட்டிலும் மூத்த பாடகர்கள் இந்த மாதிரி பழைய பாட்டுக்குத் திரும்புவதுண்டு. அமெரிக்காவில் சோல் இசைக்குப் பேர்போன எட்டா ஜேம்ஸ், 2004-ல், தன் 66-ஆம் வயதில், பழைய ப்ளூஸ் பாட்டுகளாகவே ஓர் ஆல்பம் பாடினார். அடுத்த வருடம் கிராமி விருதும் வந்தது. அவர் எடுத்துக்கொண்டதில் ராபர்ட் ஜான்சன் 1936-ல் பதிவு செய்த பாட்டும் ஒன்று. அந்தத் தட்டு இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, எட்டா எதை மாற்றினார், எதை விட்டார் என்று சொல்லிவிடலாம். எம்.எஸ்.ஸை ஒப்பிட்டுப் பார்க்க அன்னமய்யாவின் குரல் நம்மிடம் இல்லை. ஆகவே எம்.எஸ். பாடியதே மூலம்போல ஆகிவிட்டது.

அதற்கு எல்.பி. தட்டும் ஒரு காரணம். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் கொள்ளும். ஆலாபனை, நிரவல் என்று விரிக்க இடமில்லை. பல்லவி, சரணங்கள், முடிந்தது. இன்று பாட்டு வகுப்புப் பிள்ளைகள் இந்தப் பாடல்களை அதே நீளத்தில், அதே இடத்தில் மூச்சு வாங்கிப் பாடுகிறார்கள். கச்சேரியில் நாளுக்கு நாள் மாறக்கூடிய ஒன்றைத் தட்டு ஓரிடத்தில் நிறுத்தி வைத்துவிட்டது. எனக்கு இதில் சின்ன வருத்தம் உண்டு, ஆனால் தட்டு வராமல் இருந்திருந்தால் பாட்டே நம் தெருவுக்கு வந்திருக்காது.

மெட்டு புதிது என்பதால் பாட்டின் பெருமை குறையாது. நானூறு வருடம் ஊமையாகக் கிடந்த சொற்களை நம்மைப் போன்றவர்கள் முணுமுணுக்கும்படி செய்தது அந்த மெட்டுதான். ஆனால் மேடையில் ‘அன்னமாச்சாரியார் கிருதி’ என்று அறிவிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை பள்ளி ஆண்டு விழாவில் ‘நானாட்டி பதுகு’ பாடினால், ‘மெட்டு: நெடுநூரி கிருஷ்ணமூர்த்தி’ என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.